16 கோர் போதுமா, 64 வேண்டுமா?

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு கல்லூரி விரிவுரையாளர் கேட்டிருக்கிறார்: "சேர்வராயன் மலையில் பெய்யும் மழை திருமணிமுத்தாற்றில் எவ்வளவு வெள்ளமாக வரும் என்று கணக்கிடும் எங்கள் நிரல் ஒரே கோரில் 10 மணி நேரம் ஓடுகிறது. தரவைப் படித்து முடிவை எழுதவே அதில் 1 மணி நேரம் போகிறது. புதிய கணினியில் 16 கோர் போதுமா, 64 வேண்டுமா?"

கோர் என்பது கணினியின் செயலிக்குள் தனித்தனியே கணக்குப் போடும் பகுதி. அந்த 1 மணி நேரத்தைக் குறிப்பிட்டது நல்லதாயிற்று. விடை அதில்தான் இருக்கிறது. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையை நினைத்துக்கொள்ளுங்கள். பற்றவைக்க எத்தனை பேரை உட்கார வைத்தாலும், வெள்ளி உருக்கும் உலை ஒன்றுதான் என்றால், அது உருகி வரும்வரை அத்தனை பேரும் சும்மா இருக்க வேண்டியதுதான். கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967-இல் முன்வைத்த வாதமும் இதுவே: கோர்களுக்குப் பகிர முடியாத வேலை (உங்கள் நிரலில் படித்து எழுதும் அந்த 1 மணி நேரம்) பத்தில் ஒரு பங்கு என்றால், எத்தனை கோர் சேர்த்தாலும் வேகம் 10 மடங்கை எட்டாது. மீதி 9 மணி நேர வேலை சரிசமமாகப் பிரியும் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், 8 கோரில் 2 மணி 8 நிமிடம், 16-இல் 1 மணி 34 நிமிடம், 32-இல் 1 மணி 17 நிமிடம், 64-இல் 1 மணி 8 நிமிடம் ஆகும். 32-ஐ 64 ஆக்கும் செலவுக்குக் கிடைப்பது 10 நிமிடம்கூட இல்லை.

நடைமுறையில் இதுவும் முழுதாகக் கிடைக்காது. வெள்ள ஓட்டக் கணக்குகளில், கூட்டிப் பெருக்குவதைவிட எண்களை நினைவகத்திலிருந்து எடுத்து வருவதற்கே பெரும்பாலும் நேரம் பிடிக்கிறது. சாதாரண மேசைக் கணினியில் நினைவகத் தடங்கள், அதாவது ராமிலிருந்து செயலிக்கு எண்கள் வரும் பாதைகள், பெரும்பாலும் இரண்டே. சர்வர் வகைகளில் 8, 12 என்று உண்டு. தடங்களைக் கேட்காமல் கோரை மட்டும் கேட்டு வாங்காதீர்கள். ஒவ்வொரு தடத்திலும் ராம் போடச் சொல்லுங்கள். காலியாக விட்ட தடம் பயன் தராது. '64' என்று விளம்பரத்தில் இருப்பது த்ரெட் (ஒரே கோரை இரண்டாகக் காட்டும் கணக்கு) எண்ணிக்கையா, உண்மையான கோரா என்பதையும் பாருங்கள்.

வாங்குமுன், ஆய்வகத்தில் இருக்கும் கணினியிலேயே 1, 2, 4, 8 கோர்களில் நிரலை ஓட்டி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கோரை இரட்டிப்பாக்கியும் நேரத்தில் கால் பங்குகூடக் குறையவில்லை என்றால், நான் அங்கேயே நிறுத்திவிடுவேன்.

வெவ்வேறு மழையளவுகளுக்குத் தனித்தனியாக 50 முறை ஓட்டுவது உங்கள் தேவையானால் மட்டும் 64 கோர் பொருந்தும். ஓட்டத்துக்கு 8 கோராக ஒரே நேரத்தில் 8 ஓட்டங்களை நடத்தலாம்; அந்த எட்டுக்கும் சேர்த்து ராம் இருக்க வேண்டும்.

இல்லையேல், தடங்கள் கூடுதலாக உள்ள 16 கோர் கணினியே என் பரிந்துரை. அதோடு, கோப்பைப் படிக்கும் பகுதியைத் திருத்த ஒரு மாணவரை அமர்த்துங்கள். அந்த 1 மணி நேரம் 15 நிமிடமாகக் குறைந்தால், 16 கோரிலேயே முழு வேலையும் ஏறக்குறைய 49 நிமிடத்தில் முடிந்துவிடும்.