வாசகர் கேள்வி – பதில்: சபைக்குள் ஒரு நாவல்

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம் ஒன்றின் மூன்று தலைமுறைக் கதையை நாவலாக எழுதியிருக்கிறேன். குடிகாரக் கணவன் கன்வென்ஷன் என்னும் நற்செய்திக் கூட்டத்தில் மனந்திரும்புவதோடு கதை முடிகிறது. சாராயக்கடைக் காட்சிகளையும் சபைத் தேர்தல் சண்டையையும் நீக்கினால் கிறிஸ்தவப் பதிப்பகம் ஒன்றுக்குப் பரிந்துரைப்பதாக எங்கள் போதகர் சொல்கிறார். பொதுப் பதிப்பகம் ஒன்றோ, சபை வழக்குச் சொற்கள் மிகுதி என்று திருப்பி அனுப்பிவிட்டது. நான் எந்தப் பக்கம் போவது?
– வாசகி, மார்த்தாண்டம்

பதில்: பொதுப் பதிப்பகங்களின் பக்கமே போங்கள். ஒன்று மறுத்தால் இன்னொன்றுக்கு அனுப்புங்கள். சபைத் தேர்தல் சண்டையை மட்டும் நீக்கிவிடாதீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்ததும் நான் வாசிக்க விரும்பியது அந்த அத்தியாயத்தைத்தான்.

தமிழின் முதல் நாவலை எழுதியவரே ஒரு கிறிஸ்தவர். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். தேவமாதாவின் மேல் அந்தாதி பாடியவர். ஆனால் 1879-இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திர’த்துக்கு அவர் தேர்ந்துகொண்டது ஓர் இந்துக் குடும்பத்தின் கதையை. (அதிலும் நீதி போதனைக்குப் பஞ்சமில்லை என்பது வேறு விஷயம்.) உங்கள் கதைக்கு இன்னும் நெருக்கமான முன்னோடி ஹெப்சிபா ஜேசுதாசன். 1964-இல் வெளியான அவருடைய ‘புத்தம் வீடு’ நாவலில், வயதுக்கு வந்ததும் வீட்டோடு நிறுத்தப்படும் லிஸி, பனையேறியான தங்கராஜை விரும்புகிறாள். குமரி மாவட்டக் கிறிஸ்தவக் குடும்பத்தின் கதை அது. கோயிலும் ஜெபமும் அந்த வீட்டின் அன்றாடமாக வருகின்றனவே தவிர, வாசகரை உட்காரவைத்து யாரும் பிரசங்கம் செய்வதில்லை. கிறிஸ்தவரல்லாத வாசகர்களும் அதை இன்றும் தேடிப் படிப்பதற்கு அதுவே காரணம் என்பது என் எண்ணம்.

சபை வழக்குச் சொற்களைப் பற்றிய புகாரை முழுமையாக ஏற்க வேண்டியதில்லை. பரதவர்களின் பேச்சும் கத்தோலிக்க வாழ்வும் நிறைந்த ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ 2004-இல் பொது இலக்கியப் பதிப்பகமான தமிழினியின் வழியாகத்தான் வந்தது; அவருடைய ‘கொற்கை’ 2013-இல் சாகித்திய அகாதமி விருதும் பெற்றது. நீங்கள் பார்க்க வேண்டியது, அந்தச் சொல் யார் வாயிலிருந்து வருகிறது என்பதை. ‘கர்த்தருடைய கிருபையால் மழை பெய்தது’ என்று பாட்டி சொன்னால் அது பாட்டியின் குணம். அதையே கதைசொல்லி சொன்னால் வாசகர் தம்மை வேறு எங்கோ அழைத்துப் போகிறார்கள் என்று சுதாரித்துக்கொள்வார். ஒரு கைப்பிரதியில் 1950-களின் கத்தோலிக்கக் கிழவி ஒருத்தி ‘திருப்பலிக்குப் போகிறேன்’ என்று சொல்வதைப் படித்தேன். ‘திருப்பலி’ பின்னாளில் பரவிய சொல்; அவள் பூசைக்குத்தான் போயிருப்பாள்.

முடிவுதான் எனக்கு உறுத்துகிறது. கன்வென்ஷன் கூட்டங்களில் மனந்திரும்பியவர்கள் உண்டு. நீங்களும் நானும் பார்த்திருக்கிறோம். ஆயினும் அதுவரை அந்த மனிதனைப் பற்றி நீங்கள் பொறுமையாகச் சேர்த்துவைத்த அத்தனை சிக்கல்களையும் ஒரே இரவில் துடைத்துவிட்டால், மேடையின் அறிக்கையைக் கதைக்குள் ஒட்டிவைத்ததுபோல் ஆகிவிடும். அந்த இரவை வைத்துக்கொண்டு, அடுத்து வந்த செவ்வாய்க்கிழமையையும் எழுதிப் பாருங்கள். ஆறு மணிக்கே அவன் வீட்டுக்கு வந்துவிடுகிறான். என்ன செய்வதென்று தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான். மனைவியோ சீட்டுப் பணத்தை இன்னும் அரிசிப் பானைக்குள்தான் ஒளித்துவைக்கிறாள். போதகர் ஆட்சேபித்தால் கெட்ட குமாரன் உவமையை அவருக்கு நினைவூட்டுங்கள்: திருந்தி வந்த தம்பிக்குத் தந்தை வைத்த விருந்துக்கு, கோபத்தோடு வெளியே நின்ற மூத்த மகன் உள்ளே போனானா என்பதை இயேசு சொல்லவே இல்லை.

கேள்வி: நான் கத்தோலிக்கப் பள்ளி ஆசிரியர். தவறிழைத்த ஒரு குருவானவரைப் பற்றி நாவல் எழுதுகிறேன். வெளியிட ஆயரின் அனுமதி வேண்டுமா? ஊரார் ஆளை அடையாளம் கண்டுகொள்வார்கள் என்ற அச்சமும் இருக்கிறது.
– வாசகர், தூத்துக்குடி

பதில்: வேண்டாம். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, விவிலிய மொழிபெயர்ப்பு, மறைக்கல்வி நூல், வழிபாட்டு நூல் போன்றவற்றுக்குத்தான் முன் அனுமதி கேட்கிறது. குருவோ துறவியோ அல்லாத பொதுநிலையினரின் நாவல் அதில் சேராது. துறவற சபையைச் சேர்ந்தவர் சமயம் அல்லது ஒழுக்கம் பற்றி எழுதி வெளியிடுவதானால் மட்டும் தம் மேலதிகாரியின் அனுமதியைப் பெற வேண்டும். கத்தோலிக்கர் படிக்கக் கூடாத நூல்களின் பட்டியலே 1966-இல் சட்ட வலிமையை இழந்துவிட்டது.

ஆங்கில நாவலாசிரியர் கிரஹாம் கிரீனின் அனுபவம் உங்களுக்குத் தெம்பளிக்கலாம். குடிப்பழக்கமும் ஒரு குழந்தையும் உள்ள மெக்சிகோ குருவைப் பற்றி அவர் 1940-இல் எழுதிய ‘தி பவர் அண்ட் தி குளோரி’ நாவலைத் திருத்தும்படி 1950-களில் வத்திக்கான் கேட்டது. உரிமை பதிப்பகங்களிடம் இருக்கிறது என்று சொல்லி அவர் நழுவிவிட்டார். பின்னர் 1965-இல் அவரைச் சந்தித்த திருத்தந்தை ஆறாம் பவுல், தாமும் அந்த நாவலைப் படித்ததாகச் சொல்லி, எதிர்ப்புகளைப் பொருட்படுத்த வேண்டாம் என்றார்.

அடையாளம் பற்றிய அச்சம் நியாயமானது. அதைத் திருச்சபைச் சட்டம் தீர்க்காது. பெயரை மட்டும் மாற்றுவது போதாது. அவர் பணியாற்றிய பங்குக் கோயில், வயது, தோற்றம், சம்பவம் நடந்த ஆண்டு ஆகியவற்றையும் மாற்றுங்கள். இரண்டு மூன்று மனிதர்களைக் கலந்து ஒருவராக்குங்கள். பணியிடத்தில் நெருக்கடி வரும் என்று தோன்றினால் புனைபெயரில் வெளியிடுவதில் தவறில்லை. ஆனால் சிற்றூரில் அது வெகுநாள் நிற்காது.

கேள்வி: என் சிறுகதைத் தொகுப்பை ‘ஊழியமாக’ வெளியிடுவதாகச் சொல்லும் கிறிஸ்தவப் பதிப்பாளர் ஒருவர் அச்சுச் செலவு முழுவதையும் என்னிடமே கேட்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: செலவு உங்களுடையது என்றால் பிரதிகளும் உங்களுடையவை. எத்தனை பிரதிகள், விற்பனையில் யாருக்கு எவ்வளவு, பதிப்புரிமை யாருக்கு என்பதையெல்லாம் எழுத்தில் கேளுங்கள். ஊழியம் என்று சொல்லி ஒப்பந்தத்தைத் தவிர்க்கிறவரிடம் பணம் கொடுக்காதீர்கள். விற்க ஆளில்லாத நிலையில் முந்நூறு பிரதிகளுக்கு மேல் அச்சிடவும் வேண்டாம். தேவைக்கேற்ப அச்சிடும் வசதி இப்போது சென்னையில் எளிதாகவே கிடைக்கிறது.