பழங்கட்டடங்களும் நில அதிர்வும்: நெல்லை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

சுண்ணாம்புக் காரையாலும் செங்கல்லாலும் கருங்கல்லாலும் கட்டிய பழைய வீடுகள், கோயில்கள், மணிக்கோபுரங்கள் நில அதிர்வைத் தாங்குமா என்று கேட்டுத் தாமிரபரணிக் கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் பெயர்களை விட்டு ஊர்களை மட்டும் குறித்திருக்கிறேன்.

திருநெல்வேலிச் சீமையில் பெரிய நிலநடுக்கம் வந்ததாக எங்கள் பாட்டனார் காலத்துப் பேச்சுகூடக் கிடையாது. அப்படியிருக்க, பழங்கட்டடங்களைச் சோதிக்கும் இந்த ஆய்வெல்லாம் தேவைதானா? (தென்காசி)

நியாயமான கேள்வி. நில அதிர்வைத் தாங்கும் கட்டட வடிவமைப்புக்கான, 1893 என்ற எண் கொண்ட இந்தியத் தர நெறி 2002ஆம் ஆண்டு திருத்தப்பட்டது; அதன் வரைபடத்தில் நெல்லைச் சீமையின் பெரும்பகுதி இரண்டாம் மண்டலத்தில், அதாவது அந்த வரைபடத்தின் மிகக் குறைந்த அபாய மண்டலத்தில், இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளம் முழுவதும் மூன்றாம் மண்டலம். ஆனால் இந்தக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது என்பதை மராட்டியத்தின் கில்லாரி நமக்குக் காட்டியது. 1993 செப்டம்பர் 30 அன்று விடியற்காலையில் அங்கே ஏறத்தாழ 6.2 அளவில் நிலம் அதிர்ந்து, பத்தாயிரம் பேர் அளவில் இறந்தபோது, அந்தப் பகுதி அப்போதைய வரைபடத்தில் இருந்த முதலாம் மண்டலத்தில், அதாவது எல்லாவற்றிலும் பாதுகாப்பானதாகக் கருதப்பட்ட மண்டலத்தில், இருந்தது. அந்த மக்களைக் கொன்றவை பெரும்பாலும் மண்சாந்தில் ஒழுங்கற்ற கற்களை அடுக்கிக் கட்டிய கனத்த சுவர்களும், அவற்றின் மேல் ஏற்றியிருந்த மண்பாரக் கூரைகளும்தான். முதலாம் மண்டலம் என்ற பிரிவே 2002இல் நீக்கப்பட்டது.

நம் பக்கத்திலும் அதிர்வே இல்லாமலில்லை. 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பகுதியில் ஏறத்தாழ 6 அளவில் ஒன்றும், 2000 டிசம்பர் 12 அன்று கோட்டயம், இடுக்கிப் பகுதியில் 5 அளவில் ஒன்றும் பதிவாகியுள்ளன. தென்காசிக்கு மேற்கே மலையினூடாகச் செல்லும் அச்சன்கோவில் பிளவு மண்டலம் மிகப் பழமையானது. அதன் பெயரைச் சொல்லி ஊரை அச்சுறுத்த வேண்டியதில்லை. நம் அபாயம் குறைவு என்பது உண்மை, ஆகவே பெருஞ்செலவில் எல்லாவற்றையும் வலுப்படுத்தச் சொல்ல மாட்டேன். ஆனால் எந்தக் கட்டடம் சிறிய அதிர்வுக்கே கழன்று விழும் நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

எங்கள் வீடு நூறு ஆண்டுகளுக்கு மேல் பழையது. சுவர் ஒன்றரை அடி கனம். இவ்வளவு கனமான சுவருக்கு என்ன ஆகப்போகிறது? (கல்லிடைக்குறிச்சி)

இந்த நம்பிக்கை ஏறக்குறைய எல்லாப் பழைய வீட்டுக்காரர்களுக்கும் இருக்கிறது. ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

சுவர் தன் நீளவாக்கில் வரும் தள்ளுதலை நன்றாகவே தாங்கும். தன் முகத்துக்கு நேராக வரும் தள்ளுதலுக்குத்தான் அது சாய்ந்து விழும். தனியே நிற்கும் ஒரு சுவர் எப்போது ஆடத் தொடங்கும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: கனத்தை உயரத்தால் வகுத்தால் வரும் பின்னம்தான், புவியீர்ப்பில் எத்தனை பங்கு பக்கவாட்டு முடுக்கம் அதை அசைக்கும் என்பதைக் காட்டும். ஒன்றரை அடி கனமும் பதினெட்டடி உயரமும் கொண்ட சுவருக்கு இது பன்னிரண்டில் ஒரு பங்கு. இரண்டாம் மண்டலத்துக்கு நெறி தரும் உச்ச முடுக்கக் கணக்கோ புவியீர்ப்பில் பத்தில் ஒரு பங்கு. அதாவது, தாங்கள் அசையாது என்று நம்பும் அதே சுவர், எதனோடும் பிணைக்கப்படாமல் தனியே நின்றால், நம் குறைந்த அபாய மண்டலத்திலேயே ஆடத் தொடங்கிவிடும். ஆடத் தொடங்குவது உடனே விழுவதாகாது. எவ்வளவு நேரம், எந்த வேகத்தில் ஆடுகிறது என்பதைப் பொறுத்தே அது விழுவதும் நிமிர்வதும் இருக்கும். ஆயினும் அதே சுவரின் தலை உத்தரங்களோடும், இரு ஓரங்கள் குறுக்குச் சுவர்களோடும் கட்டுண்டிருந்தால், அதன் தாங்குதிறன் பல மடங்காகிவிடுகிறது. ஆகவே, சுவர் எவ்வளவு கனம் என்பதைக் காட்டிலும் அது எதனோடு கட்டுண்டிருக்கிறது என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

இன்னொன்று, ஒன்றரை அடிச் சுவர் உண்மையிலேயே ஒரே சுவர்தானா என்பது. பல பழைய சுவர்கள் வெளிமுகம் அரையடி, உள்முகம் அரையடி, நடுவில் சக்கைக்கல்லும் மண்ணும் இட்டு நிரப்பிய அரையடி என்ற வகையில் கட்டப்பட்டவை. இரண்டு முகங்களையும் குறுக்கே பிணைக்கும் முழுநீளக் கற்கள் அதில் இல்லாவிட்டால், அதிர்வின்போது ஒவ்வொரு முகமும் தனித்தனி அரையடிச் சுவராகவே நடந்துகொள்ளும். மேலே சொன்ன கணக்கு அப்போது முப்பத்தாறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. சுவரின் நடுப்பகுதி வயிறு தள்ளியிருப்பதும், மரச்சுத்தியலால் மெல்லத் தட்டும்போது பொள்ளலான ஓசை வருவதும் இதற்கு அடையாளங்கள்.

தங்கள் ஊருக்கு அருகில் ஒரு வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். தார்சு, பட்டாசல் என்னும் கூடம், இரண்டாங்கட்டு என்று நீளவாக்கில் போகும் வீடு. பக்கச் சுவர்கள் அண்டை வீட்டோடு பொது. பட்டாசலின் மூலையில் வெள்ளையடித்த பூச்சு மயிரிழை அளவுக்குப் பிரிந்திருந்தது. கொத்தனாரைக் கொண்டு ஒரு சாண் அகலத்துக்குப் பூச்சை உதிர்த்துப் பார்த்தபோது, முன்சுவரின் செங்கல் வரிசைகள் குறுக்குச் சுவரின் வரிசைகளோடு பல்கோத்து ஏறாமல் வெறுமனே முட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது. அரையடி இரும்பு அளவுகோல் இடுக்கில் முழுவதுமாக உள்ளே போயிற்று. முன்கட்டை ஒரு தலைமுறைக்கு முன் மாற்றிக் கட்டியவர்கள் பழைய சுவரோடு அதைக் கோக்காமலே விட்டிருக்கிறார்கள். அந்த வீட்டுக்குச் சுவர் மாற்ற வேண்டியிருக்கவில்லை. உத்தர மட்டத்தில் இரண்டு இரும்பு இழுகம்பிகளை ஓட்டி, வெளிமுகத்தில் தகடு வைத்து முடுக்கிப் பிணைத்ததே போதுமானதாக இருந்தது.

தாங்களும் இதே இடங்களைப் பாருங்கள்: சுவர்கள் சந்திக்கும் மூலைகள், உத்தரத்தின் நுனி சுவருக்குள் எவ்வளவு தூரம் புகுந்திருக்கிறது, அந்த நுனியைக் கரையான் அரித்திருக்கிறதா, அலமாரிக்காகவும் வாசலுக்காகவும் மூலைக்கு அருகே சுவரை எங்கே குடைந்திருக்கிறார்கள். தங்கள் வீடு தெருக்கோடி வீடாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் வரிசை வீடுகளில் நடுவில் உள்ளவை ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். கடைசி வீட்டின் வெளிச்சுவருக்கு அப்பால் முட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

ஓட்டுக் கூரையை எடுத்துவிட்டுக் கான்கிரீட் தளம் போட்டால் வீடு உறுதியாகும் என்கிறார்கள். செய்யலாமா? (வீரவநல்லூர்)

அவசரப்பட வேண்டாம். மங்களூர் ஓடும் சட்டங்களும் சேர்ந்து சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 65 கிலோ. பத்து சென்டிமீட்டர் கான்கிரீட் தளமோ 250 கிலோ. அதிர்வின் விசை எடையைப் பொறுத்தது. ஆகவே சுண்ணாம்புச் சாந்தும் மண்சாந்துமாக நிற்கும் சுவரின் தலையில் கிட்டத்தட்ட நான்கு மடங்கு பாரத்தை ஏற்றிவிட்டு, அந்தப் பாரம் பக்கவாட்டில் இழுக்கும்போது சுவர் தாங்கும் என்று எதிர்பார்ப்பது தவறு. சுவர் முதலில் நல்ல நிலையில் இருந்து, தளமும் எல்லாச் சுவர்களின் மேலும் முறையாக அமர்ந்து பிணைந்திருந்தால், அது பெட்டிபோல் கட்டிப்போடும் என்பதும் உண்மைதான். ஆனால் நான் பார்த்தவற்றில் பல, பழைய சுவரின் உள்விளிம்பில் நாலு விரல் அகலத்துக்கு மட்டும் ஏற்றி வைக்கப்பட்டவை. ஓட்டுக் கூரையையே வைத்துக்கொண்டு, சுவர்த்தலையில் ஓடும் மரத்தைச் சுவரோடு இரும்புப் பட்டையால் கட்டி, கூரைத் தளத்தில் குறுக்குச் சட்டங்கள் அடித்து விறைப்பாக்குவது செலவும் குறைவு, தங்கள் வீட்டுக்கும் பொருந்தும்.

எங்கள் ஊர்க் கோயிலின் மணிக்கோபுரம் ஒல்லியாக, உயரமாக இருக்கிறது. மணி அடிக்கும்போது அதிர்வதாகச் சிலர் சொல்கிறார்கள். அபாயமா? (பாளையங்கோட்டை அருகில்)

பாளையங்கோட்டைத் தேவாலயத்தின் ஊசிக்கோபுரத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு, ஒல்லியான கோபுரம் கண்ணுக்குப் பழகிப்போய் அதன் இயல்பு மறந்துவிடுகிறது. தாழ்ந்த கட்டடம் விரைவாகவும், உயர்ந்த ஒல்லியான கட்டடம் மெதுவாகவும் ஆடும். தொலைவிலிருந்து வரும் பெரிய நிலநடுக்கத்தின் மெதுவான அலைகள் இரண்டாவது வகையைத்தான் அதிகம் ஆட்டும். மணிக்கோபுரத்தில் மணி தொங்கும் அடுக்கே பலவீனமான இடம், ஏனெனில் நாலு பக்கமும் திறப்புகளை விட்டு, மெல்லிய மூலைத் தூண்கள் மட்டும் மேலேயுள்ள கூம்பைத் தாங்குகின்றன.

மணி அடிக்கும்போது உணரும் அதிர்வு, அது மட்டுமே இருந்தால், பெரும்பாலும் கவலைக்குரியதல்ல. மணியின் சட்டம் சுவரில் எப்படி அமர்ந்திருக்கிறது, மூலைத் தூண்களில் நெடுக்கு விரிசல் உண்டா, கோபுரம் திருச்சபைக் கட்டடத்தின் சுவரோடு ஒட்டும் கோட்டில் பிளவு தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நுண்ணிய அதிர்வுமானிகளை வைத்து, காற்றாலும் தெருப் போக்குவரத்தாலும் எப்போதும் இருந்துகொண்டிருக்கும் மெல்லிய ஆட்டத்தை அளந்தே கோபுரத்தின் இயல்பான அலைவுக் காலத்தைக் கண்டுவிட முடியும். கட்டடத்துக்கு எந்தச் சேதமும் வராது. சில ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் அளந்து, அலைவு முன்னைவிட மந்தமாகியிருந்தால் உள்ளே எங்கோ விறைப்பு குறைந்திருக்கிறது என்று பொருள். பாரம்பரியக் கட்டடங்களின் பாதுகாப்புக்கென்றே ஒரு தேசிய மையம் சென்னை ஐஐடியில் இயங்குகிறது. இதுபோன்ற அளவைகளுக்கு அத்தகைய இடங்களை நாடுவதே முறை.

சிவன் கோயில் ராஜகோபுரத்தில் விரிசல் இருக்கிறது. திருப்பணியின்போது சிமெண்ட் வைத்து அடைத்து வண்ணம் பூசிவிடலாம் என்று பேச்சு. நில அதிர்வுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? (நாங்குநேரி வட்டாரம்)

உண்டு, நேரடித் தொடர்பே உண்டு. கோபுரம் கீழே கருங்கல்லும் மேலே செங்கல், சுண்ணாம்பு, சுதையுமாக இரண்டு வேறு உடல்களைக் கொண்டது. மேல்நிலைகளின் வாசல்களுக்கு மேலே பாரம் தாங்கும் மரங்கள் உளுத்துப்போவதும், அரசும் ஆலும் வேர்விட்டுச் செங்கல்லைப் பிரிப்பதும், கலசத்தைச் சுற்றி நீர் இறங்குவதும் கோபுரத்தை நெடுக்காகப் பிளக்கின்றன. 1516இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய, ஆந்திரத்தின் காளத்திக் கோயில் ராஜகோபுரம் 2010 மே 26 அன்று விழுந்ததற்கு நிலநடுக்கமே தேவைப்படவில்லை என்பதை நம் கோயில் குழுவினர் ஒவ்வொருவரும் நினைவில் வைக்க வேண்டும்.

விரிசலைச் சிமெண்டால் மூடினால் அது வளர்கிறதா என்பதே தெரியாமல் போகும். விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடிப் பட்டையைச் சுண்ணாம்பால் ஒட்டி, அதன் மேல் தேதி எழுதி, ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் காத்திருங்கள். கண்ணாடி உடையாவிட்டால் அது பழைய காயம். சுண்ணாம்புக் கரைசலை அழுத்தம் கொடாமல் செலுத்தி நிரப்பலாம். உடைந்தால் அடித்தளத்தையும் நிலத்தையும் பார்த்த பிறகே மேலே கைவைக்க வேண்டும்.

கோயிலின் கல்மண்டபங்களையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். அங்கே தூணும், அதன் தலைமேல் உத்தரத்தைத் தாங்கும் போதிகையும், உத்தரமும் சாந்தின்றித் தம் எடையாலும் உராய்வாலும் நிற்கின்றன. கூரைக்கல் உத்தரத்தின் மேல் எத்தனை அங்குலம் அமர்ந்திருக்கிறது என்பதே உயிர்நாடி. ஒழுகும்போதெல்லாம் பழைய தளத்தின் மேலேயே புதிய தளம் போட்டுப் போட்டு ஏறிய பாரத்தை முதலில் இறக்குங்கள். இத்தாலியின் அசிசி தேவாலயத்தில் 1997 செப்டம்பர் 26 அன்று வளைகூரைகள் விழுந்ததற்கு, அவற்றின் மேல் காலங்காலமாகக் குவிந்து கிடந்த இடிபாடும் ஒரு முக்கியக் காரணம். அன்று இறந்த நால்வரும், முந்தைய அதிர்வின் சேதத்தைப் பார்க்க உள்ளே போயிருந்தபோது அடுத்த அதிர்வில் சிக்கியவர்கள். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அது மறக்க முடியாத நாள்.

சுலோசன முதலியார் பாலம் நிலநடுக்கத்தைத் தாங்குமா? (திருநெல்வேலி சந்திப்பு)

1843இல் திறக்கப்பட்ட அந்தப் பாலம் வளைவுகளால் ஆனது. அடித்தூண்கள் அசையாதவரை வளைவு நன்றாகவே தாங்கும். அதிர்வைவிட, வெள்ளம் தூண்களின் அடியை அரிப்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுச் சுவர் இடுப்பளவு நனைந்தது. இப்போது காய்ந்துவிட்டது, வெளிப்பார்வைக்கு ஒன்றுமில்லை. விட்டுவிடலாமா? (ஏரல்)

விட்டுவிட வேண்டாம். மண்சாந்துச் சுவர் நீரில் ஊறினால் சாந்து கரைந்து வெளியேறிவிடும். காய்ந்த பிறகு கல் இருக்கும், பிடிப்பு இருக்காது. வெள்ளம் எட்டிய உயரத்துக்குச் சற்றுக் கீழே, ஓர் ஓரத்தில் உள்ளங்கை அகலம் பூச்சை எடுத்து, சாவியால் சாந்தைக் கீறிப் பாருங்கள். நகத்தால் கீறினாலே மணலாகக் கொட்டினால், அந்த அடிப்பகுதியை ஒரே நேரத்தில் பிரிக்காமல், மேலே முட்டுக்கொடுத்து, இரண்டிரண்டு அடியாகச் சுண்ணாம்புச் சாந்தில் மாற்றிக் கட்ட வேண்டும். மேலே சிமெண்ட் பூச்சுப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். சுண்ணாம்புப் பூச்சே பூசுங்கள். ஒரு தூக்குக்குண்டைச் சுவர்த்தலையிலிருந்து தொங்கவிட்டு, நூலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடங்களில் அளந்து குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் மறுபடி அளந்து இரண்டு தாள்களையும் எனக்கு அனுப்புங்கள்.