மலேசியாவில் மாநிலமாக இருந்தபோது சிங்கப்பூருக்கு எவ்வளவு அதிகாரம் இருந்தது?

கேள்வி: 1963 முதல் 1965 வரை சிங்கப்பூருக்கு மற்ற மாநிலங்களைவிட அதிகத் தன்னாட்சி இருந்தது என்கிறார்களே, அது நிஜமா, காகிதத்தில் மட்டுமா?

நிஜம்தான். ஆனால் பலர் நினைக்கும் இடத்தில் இல்லை. கல்வியும் தொழிலாளர் விவகாரமும் நம் கையில் இருந்தன என்பதோடு பேச்சை முடித்துவிடுகிறார்கள். அவற்றைவிடப் பெரியது வரி வசூல்.

1963 ஜூலை 9ஆம் தேதி லண்டனில் கையெழுத்தான மலேசிய ஒப்பந்தத்தின்படி, சிங்கப்பூரில் சுங்கத் தீர்வையையும் வருமான வரியையும் வசூலிக்கும் பொறுப்பு சிங்கப்பூர் அரசாங்கத்திடமே இருந்தது. அந்தத் தேசிய வரிகளில் 60 சதவீதம் இங்கே நின்றது, 40 சதவீதம் கோலாலம்பூருக்குப் போனது. மற்ற மாநிலங்கள் மத்திய அரசாங்கம் கொடுக்கும் மானியத்தை எதிர்பார்த்திருந்தன. பணம் முதலில் யார் கைக்கு வருகிறதோ, பேரம் பேசும் பலமும் அவரிடம்தான். பிற்பாடு மத்திய நிதியமைச்சர் டான் சியூ சின் அந்த 40ஐ 60 ஆக்கக் கேட்டபோது உரசல் அவ்வளவு கடுமையானதற்கு அதுவே காரணம்.

இதற்குக் கொடுத்த விலை நாடாளுமன்ற இடங்கள். மொத்தம் 159 இடங்களில் சிங்கப்பூருக்கு 15 மட்டுமே. மக்கள்தொகையில் சிங்கப்பூரைவிடச் சிறிய சரவாக்குக்கு 24. போர்னியோ மாநிலங்களான சபா, சரவாக்கின் வளர்ச்சிக்கு 150 மில்லியன் வெள்ளி கடன் தரவும் சிங்கப்பூர் ஒப்புக்கொண்டது.

சட்டம் இயற்றும் அதிகாரத்தை அறிய மலேசிய அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணையைப் படிக்க வேண்டும். அதில் மூன்று பட்டியல்கள்: மத்திய அரசாங்கத்துக்கு, மாநிலத்துக்கு, இருவருக்கும் பொதுவாக. தற்காப்பு, வெளியுறவு, உள்நாட்டுப் பாதுகாப்பு முதல் பட்டியலில் இருக்கின்றன. எந்தப் பட்டியலிலும் இல்லாத விஷயம் 77ஆம் பிரிவின்படி மாநிலத்தைச் சேரும். இந்திய அரசமைப்பைப் படித்துப் பழகியவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள், ஏனென்றால் அங்கே எஞ்சிய அதிகாரம் மத்திய அரசுக்கு. ஆனால் மலேசியாவில் மத்தியப் பட்டியல் நீளமோ நீளம், எஞ்சுவது சொற்பம். இரண்டு சட்டங்கள் மோதினால் 75ஆம் பிரிவின்படி மாநிலச் சட்டம், மோதும் அளவுக்குச் செல்லாது.

காகிதம் கிழிவது 150ஆம் பிரிவில். நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டுவிட்டால், சமயம், மொழி, குடியுரிமை, சுதேச வழக்கச் சட்டம் போன்ற சில விஷயங்கள் நீங்கலாக, நாடாளுமன்றம் மாநிலப் பட்டியலுக்குள்ளும் புகுந்து சட்டம் போடலாம். 1966இல் சரவாக்கில் நடந்ததைப் பாருங்கள். முதலமைச்சர் ஸ்டீபன் காலோங் நிங்கானை ஆளுநர் பதவிநீக்கினார். சட்டமன்றத்தில் நம்பிக்கையில்லா வாக்கெடுப்பு நடக்காததால் நீக்கம் செல்லாது என்று செப்டம்பர் 7ஆம் தேதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரே வாரத்தில், 14ஆம் தேதி, நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. நாடாளுமன்றம் சரவாக்கின் அரசமைப்பையே திருத்திச் சட்டமன்றத்தைக் கூட்டும் அதிகாரத்தை ஆளுநருக்குத் தந்தது. மாதம் முடிவதற்குள் நிங்கான் மறுபடி பதவி இழந்தார். 1968இல், அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலும் அதை ஏற்றுக்கொண்டது. மாநில உரிமையை மதிக்கும் எவருக்கும் இது வலிக்கும் தீர்ப்பு.

நீதிமன்றம் காப்பாற்றும் என்று நம்பிய கிளந்தான் மாநிலமும் தோற்றது. மலேசியா உருவாவதற்கு ஆறு நாள் முன்பு, 1963 செப்டம்பர் 10ஆம் தேதி, தங்களைக் கலந்துகொள்ளாமல் செய்த ஒப்பந்தம் செல்லாது என்று அது வழக்குத் தொடுத்தது. நான்கே நாளில் தலைமை நீதிபதி தாம்சன் தடையுத்தரவு தர மறுத்துவிட்டார்.

சிங்கப்பூர் பிரிந்தபோதும் அப்படித்தான், மக்களைக் கலந்துகொள்ளவில்லை. 1965 ஆகஸ்ட் 7ஆம் தேதியிட்ட ஒப்பந்தம் இரண்டு அரசாங்கங்களுக்கு இடையில் இரகசியமாக முடிந்தது. 9ஆம் தேதி மக்களவை 126க்கு 0 என்று மசோதாவை நிறைவேற்றியது. சிங்கப்பூர்ச் சட்டமன்றத்தில் வாக்கெடுப்பு எதுவும் இல்லை, பொது வாக்கெடுப்பும் இல்லை. 1962 செப்டம்பரில் இணைப்புக்காக நடந்த பொது வாக்கெடுப்பிலோ மூன்று வகை இணைப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மட்டுமே வழி இருந்தது. 'இணைய வேண்டாம்' என்று குறிக்க இடமில்லை. சுமார் 25 சதவீதம் வெற்று வாக்குகள்.

மக்களின் உண்மையான சம்மதம் இல்லாமலே இணைய முடிந்த இந்த ஓட்டையை 1972இல்தான் அடைத்தார்கள். இன்றைய சிங்கப்பூர் அரசமைப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, பொது வாக்கெடுப்பில் பதிவான வாக்குகளில் மூன்றில் இரண்டு பங்காவது கிடைக்காமல் வேறு நாட்டோடோ கூட்டமைப்போடோ இணைய முடியாது. காவல்துறை, ஆயுதப்படை ஆகியவற்றின் கட்டுப்பாட்டையும் விட்டுக்கொடுக்க முடியாது. இந்தப் பாதுகாப்பையே திருத்துவதற்கும் அதே அளவு ஆதரவு வேண்டும் என்கிறது 8ஆம் பிரிவு.