கருவிப் பெட்டி: சட்டைப்பையில் கத்தியா, மல்டிடூலா?

கேள்வி: அம்பத்தூர் எஸ்டேட்டில் மெயின்டனன்ஸ் வேலை. பாக்கெட்டில் எப்போதும் ஒரு மடக்குக் கத்தி இருக்கும். கூட வேலை பார்ப்பவர்கள் ஒவ்வொருவராக, குறடு, கத்தி, ஸ்க்ரூடிரைவர் எல்லாம் ஒன்றாக மடங்கும் மல்டிடூலுக்கு மாறிவிட்டார்கள். கத்தியை வீட்டில் வைத்துவிட்டு அதை மட்டும் எடுத்துப்போனால் போதுமா? (வாசகர், அம்பத்தூர்)

உங்கள் வேலைக்குப் போதும். ஆனால் கத்தியின் சுகம் போய்விடும், அதைத் தெரிந்துகொண்டு மாறுங்கள்.

மல்டிடூலை நாங்கள் குறடாகத்தான் பார்க்கிறோம். கத்தி அதில் கூடவே வருகிற ஒரு தகடு. அந்தக் கருவி பிறந்த கதையும் அப்படித்தான். அமெரிக்காவின் டிம் லெதர்மேன் 1975-ல் ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றியபோது அவர் பையில் கத்தி இருந்தது. வழியெல்லாம் கார் மக்கர் செய்தபோது இல்லாமல் போனது குறடுதான். அவருடைய முதல் கருவி 1983-ல் விற்பனைக்கு வந்தது. ஆகவே வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நாளில் எத்தனை முறை குறடு தேவைப்படுகிறது? ஒரு வாரம் கவனியுங்கள். கேபிள் டை நறுக்க, பின்னை நிமிர்த்த, சூடான கிளிப்பைப் பிடிக்க, ஃபியூஸைப் பிடுங்க என்று தினமும் நாலைந்து முறை கை கட்டிங் பிளேயரைத் தேடினால் மாறுவதில் அர்த்தம் உண்டு. அட்டைப்பெட்டி, கயிறு, பழம் இவைதான் உங்கள் வேலை என்றால் கால் கிலோ இரும்பைச் சுமப்பது வீண்.

எடையைச் சும்மா சொல்லவில்லை. லெதர்மேன் வேவ் பிளஸ் 241 கிராம். அதே கம்பெனியின் ஸ்கெலிடூல் 142 கிராம். சுவிஸ் கத்திக் கம்பெனி விக்டோரினாக்ஸின், மடக்கினால் 91 மி.மீ. நீளம் வரும் வரிசையில் கத்தரிக்கோலோடு வரும் கிளைம்பர் 80 கிராமைக் கொஞ்சம் தாண்டும். மரப்பிடி ஒபினெல் 8-ம் எண் கத்தி 50 கிராம்கூட இல்லை. மே மாத வெயிலில் மெல்லிய காட்டன் பேன்ட்டில் 241 கிராம் தொங்கினால் தையல்தான் முதலில் பதில் சொல்லும்.

வெட்டும்போது தெரியும் வித்தியாசம் வேறு. தனிக் கத்தியின் பிடி கைக்கென்றே உருட்டி வளைத்தது. மல்டிடூலின் பிடி சதுரம். தடித்த கயிற்றை அழுத்தி அறுத்தால் தகட்டு விளிம்பு உள்ளங்கையில் பதியும். நாள் முழுக்க பேக்கிங் ஸ்டிராப் அறுப்பவர் இதோடு காலம் தள்ள முடியாது. இன்னொன்று, மலிவான மாடல்களில் கத்தி உள்பக்கம் இருக்கும். முதலில் குறடை விரித்து, நகத்தால் தகட்டை எடுத்து, மறுபடி குறடை மடக்க வேண்டும். ஏணியில் ஒரு கையால் பைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு இது நடக்காது. வேவ், ஸ்கெலிடூல் போல வெளிப்பக்கமிருந்து கட்டைவிரலால் திறக்கும் கத்தி, திறந்ததும் லாக் ஆகும் அமைப்பு, இந்த இரண்டும் இருந்தால்தான் உங்கள் மடக்குக் கத்தியின் இடத்தை அது நிரப்பும்.

ஸ்க்ரூடிரைவர் விஷயத்தில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். மிக்ஸியின் அடியில் ஆழக் குழிக்குள் உட்கார்ந்திருக்கும் ஸ்டார் ஸ்க்ரூவை எந்த மல்டிடூலும் தொடாது; பிட் குட்டை, பிடி அகலம். 10 மி.மீ. நட்டைக் குறடால் திருகினால் முனை மழுங்கி, பிறகு ஸ்பேனருக்கும் பிடி கிடைக்காது. பெஞ்சில் தனித்தனிக் கருவிகள் இருக்கட்டும். பெஞ்சுக்குத் திரும்பி நடக்கிற நடையை மிச்சப்படுத்தத்தான் இது.

கேள்வி: அதே கத்தியால் மாம்பழமும் நறுக்கலாமா? (வாசகி, மயிலாப்பூர்)

கழுவியிருந்தால் தாராளமாக. சங்கடம் என்னவென்றால், தகட்டை மட்டும் கழுவினால் போதாது. பழச்சாறு கைப்பிடிக்குள் இறங்கி, தகடு மடங்கும் குழியில் தங்கி, இரண்டு நாளில் வாடை வந்துவிடும். பார்சல் டேப்பின் பசை, வயரின் தூசி எல்லாம் அதே குழியில்தான் இருக்கின்றன. பலாப்பால் ஒட்டினால் தண்ணீர் வேலைக்கு ஆகாது. தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, பிறகு சோப்பு. தினமும் ஆபீஸில் பழம் நறுக்குபவர் என்றால் டிபன் பையில் ஒரு சின்னப் பழக்கத்தியைத் தனியாக வைத்துக்கொள்வதுதான் எங்கள் கட்சி.

இளநீர் சீவ நினைக்காதீர்கள். மடக்குக் கத்தியில் தகடு சுழலும் ஆணி அதற்குத் தாங்காது.

கேள்வி: மல்டிடூலை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று சொல்லித்தான் விற்றார்கள். வீடு கடற்கரையிலிருந்து இரண்டு தெரு. மூன்றே மாதத்தில் அங்கங்கே பழுப்புப் புள்ளி. ஏமாற்றிவிட்டார்களா? (வாசகர், திருவான்மியூர்)

ஏமாற்றியிருக்க வேண்டியதில்லை. கத்திக்குப் போடும் ஸ்டெயின்லெஸ், சாப்பாட்டுத் தட்டுக்குப் போடும் ஸ்டெயின்லெஸ் அல்ல. கூர் நிற்க வேண்டுமானால் எஃகில் கரிமம் கூடுதலாக இருந்து, பதமேற்றிக் கடினமாக்க வேண்டும். அந்தக் கரிமம் குரோமியத்தில் ஒரு பகுதியைத் தன்னோடு கட்டிப்போட்டுக்கொள்ளும். துருவைத் தடுக்க மிஞ்சுவது குறைவு. மேலே படியும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலத்தைக் கடல்காற்றின் குளோரைடு புள்ளி புள்ளியாகத் துளைக்கும். உங்கள் வியர்வையிலும் இருப்பது அதே உப்புதான். பேன்ட் பாக்கெட்டில் வைப்பவர்களுக்குப் பெசன்ட் நகரும் ஒன்றுதான், ஆவடியும் ஒன்றுதான்.

புள்ளி முதலில் தெரிவது தகட்டின் நடுவில் அல்ல. ஈரம் தங்கும் இடங்களில் தேடுங்கள்: ஆணி மூட்டு, அரத்தின் பற்கள், கத்தரிக்கோல் ஸ்பிரிங்கின் அடி, நகம் வைக்கும் பள்ளம்.

இப்போது செய்ய வேண்டியது: எல்லாத் தகடுகளையும் பாதி திறந்து, வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் மூட்டு மூட்டாகத் தேயுங்கள். புள்ளிகள் மேல் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தடவி, பத்து நிமிடம் விட்டுத் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும். போகாவிட்டால் மிக நுண்ணிய ஸ்டீல் உல். சமையலறை இரும்பு நார் வேண்டாம், கோடு விழும். பிளீச்சிங் பவுடர் கரைசல், ஆசிட் கிட்டேயே வரக்கூடாது. அவற்றில் இருப்பதும் குளோரைடுதான். நல்ல தண்ணீரில் அலசி, உதறி, ஃபேன் காற்றில் திறந்தபடியே ஒரு மணி நேரம் காய வையுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் தெருவென்றால் கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர்.

காய்ந்த பிறகு ஆணிக்கு ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்டு, பத்து முறை திறந்து மூடி, வெளியே வழிந்ததைத் துடையுங்கள். அதிகம் விட்டால் பாக்கெட்டின் பஞ்சும் தூசியும் சேர்ந்து களிம்பாகிவிடும். பழம் நறுக்கும் தகடாக இருந்தால் மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாராஃபின் போதும். நல்லெண்ணெய் நாளடைவில் பிசினாக மாறி மூட்டை இறுக்கும், அதனால் வேண்டாம். மாதம் ஒரு முறை இதைச் செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்தால் அன்றைக்கே.

தோல் உறை பார்க்க அழகு. ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு கருவியை அதிலேயே ஊறவைக்கும். நைலான் உறைக்கு மாறிவிடுங்கள்.

கேள்வி: மெட்ரோவில் வேலைக்குப் போகிறேன். பையில் மல்டிடூல் இருந்தால் பிரச்சினையா? சட்டம் என்ன சொல்கிறது? (வாசகர், ஆலந்தூர்)

இரண்டும் வேறு வேறு விஷயம். ஆயுதச் சட்ட விதிகளின் பட்டியலில் வருவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள தகடு. அதிலும் வீட்டு வேலை, விவசாயம், தொழிலுக்கென்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. 3 அங்குலத் தகடுள்ள மல்டிடூல் அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் பொத்தானை அழுத்தினால் பாயும் கத்தி வேண்டாம். தடையுத்தரவு போட்டிருக்கும் நாட்களில் ஊர்வலம், கூட்டம் பக்கம் எந்தக் கத்தியோடும் போகாதீர்கள். போலீஸ்காரர் கேட்டால் வேலை இடத்து அடையாள அட்டையும், கருவி பெட்டியோடு இருப்பதும் கைகொடுக்கும்.

மெட்ரோ, சேப்பாக்கம் ஸ்டேடியம், நீதிமன்றம், பெரிய மால் இங்கெல்லாம் வாசலில் சோதிப்பவர் சொல்வதுதான் முடிவு. ஸ்கேனரில் கூர்முனை தெரிந்தால் நிறுத்துவார்கள். வாதம் செய்து பயனில்லை. தினமும் மெட்ரோ என்றால் கருவியை வேலை இடத்து லாக்கரில் விட்டுவிட்டு வருவதே நிம்மதி. மீனம்பாக்கத்தில் கைப்பையில் கூடாது, செக்-இன் பெட்டியில் போடலாம். கத்தி இல்லாத மல்டிடூலையும் கைப்பையில் நம்பிக் கொண்டுபோகாதீர்கள். குறடையும் எடுத்து வைத்துவிடுவார்கள். விமான நிலையம் கிளம்பும் முன் சாவிக்கொத்தைப் பாருங்கள். அதில் தொங்கும் 58 மி.மீ. குட்டிக் கத்தியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

கேள்வி: வீட்டில் பிளக், ஸ்விட்ச் வேலைக்கு மல்டிடூலைப் பயன்படுத்தலாமா? (வாசகர், பெரம்பூர்)

மின்சாரம் ஓடும் எதன் மேலும் கூடாது. கைப்பிடி முழுக்க உலோகம். 230 வோல்ட் நேராகக் கைக்கு வரும். மேலே பிளாஸ்டிக் ஒட்டியிருந்தாலும் அது இன்சுலேஷன் ஆகாது. எலக்ட்ரீஷியன் குறடில் 1000 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும், அதுதான் கணக்கு.

எம்.சி.பி.யை இறக்கிவிட்டோம் என்று நினைக்கும்போது இன்வெர்ட்டரை மறந்துவிடுகிறோம். மெயினை அணைத்தாலும், கரன்ட் கட் ஆனாலும், இன்வெர்ட்டர் லைனில் இருக்கும் ஃபேன், லைட் பாயின்ட்டில் உயிர் இருக்கும். அதையும் அணையுங்கள். டெஸ்டரை முதலில் கரன்ட் இருப்பது தெரிந்த ஒரு பாயின்ட்டில் வைத்து எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வேலை செய்யும் இடத்தில் வையுங்கள். செத்த டெஸ்டர் எல்லா இடத்திலும் ‘கரன்ட் இல்லை’ என்றுதான் சொல்லும்.

வயரின் தோலைக் கத்தியால் சீவுவதும் நல்லதல்ல. 1 சதுர மி.மீ. ஃபிளெக்ஸிபிள் வயரில் 0.3 மி.மீ. இழைகள் 14 இருக்கும். கத்தி மூன்றை வெட்டிவிட்டால் அந்த இடத்தில் செம்பில் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் பிளக்குகள் கருகுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஸ்டிரிப்பர் வாங்கி வையுங்கள்.

கேள்வி: கத்தியைத் தீட்ட, தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்கலாமா? (வாசகி, மாம்பலம்)

அரிவாள்மனைக்கு அவர் சரி. மடக்குக் கத்தியைக் கொடுக்காதீர்கள். தண்ணீர் இல்லாமல் சக்கரத்தில் பிடிக்கும்போது மெல்லிய தகடு சட்டென்று சூடாகும். விளிம்பு நீலம் பாரித்தால் எஃகின் பதம் போய்விட்டது. அதன் பிறகு எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது.

வீட்டிலேயே செய்யலாம். 1000 கிரிட் (சொரசொரப்பு அளவு) தண்ணீர்க்கல் ஒன்று போதும். பல் இருக்கும் தகட்டை விட்டுவிடுங்கள், அதற்கு உருளைக்கல் வேண்டும். கல்லை நனைத்து ஈரத்துணி மேல் வையுங்கள், நகராது. பக்கத்துக்கு 20 பாகை சாய்வு என்பதை அளக்க எளிய வழி, தகட்டின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு முதுகைத் தூக்குவது. 15 மி.மீ. அகலத் தகடு என்றால் 5 மி.மீ. விளிம்பில் மார்க்கர் பேனாவால் மை தடவிக்கொண்டு இரண்டு முறை இழுத்துப் பாருங்கள்; மை எங்கே அழிகிறதோ அங்கேதான் கல் படுகிறது. மேற்பக்கம் மட்டும் அழிந்தால் முதுகை இன்னும் தூக்க வேண்டும், நுனிவிளிம்பில் மட்டும் அழிந்தால் இறக்க வேண்டும்.

ஒரே பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே போங்கள். எதிர்ப்பக்க விளிம்பில் விரலை முதுகிலிருந்து வெளிநோக்கித் தடவும்போது சன்னமான பிசிறு தட்டுப்படும். முழு நீளத்துக்கும் தட்டுப்பட்ட பிறகுதான் பக்கத்தை மாற்ற வேண்டும். கூர் வரவில்லை என்று எழுதும் பலர் இந்தப் பிசிறு வரும் முன்பே மாற்றிவிடுகிறார்கள். அடுத்து அழுத்தம் குறைத்துப் பக்கத்துக்கு ஒன்றாகப் பத்து இழுப்பு, கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில் கூர் பின்னால் வருமாறு பத்து இழுப்பு. செய்தித்தாளைக் கிழிக்காமல் அறுத்தால் முடிந்தது.

கேள்வி: குறடின் வெட்டுவாயில் பள்ளம் விழுந்துவிட்டது. ஏன்? (வாசகர், பாடி)

சைக்கிள் ஸ்போக், பிரேக் கேபிளின் உள்கம்பி, ஸ்பிரிங் கம்பி, இதில் எதையோ வெட்டியிருக்கிறீர்கள். செம்பு, அலுமினியம், கட்டுக்கம்பி வரைதான் அந்த வாய். கடினக் கம்பிக்கென்று ஆணிக்கு மிக அருகே தனிப் பள்ளம் சில மாடல்களில் உண்டு, அதிலும் திருகக்கூடாது. வேவ் பிளஸ் போன்ற சில மாடல்களில் வெட்டுவாயைக் கழற்றி மாற்றலாம். மற்றவற்றில் பள்ளத்தோடு வாழ வேண்டியதுதான்.

கேள்வி: பாரிமுனையில் மல்டிடூலைப் பாதி விலைக்கும் குறைவாகச் சொல்கிறார்கள். அசலா என்று எப்படிப் பார்ப்பது? (வாசகர், ராயபுரம்)

பெயரைப் பார்க்காதீர்கள், அச்சடிப்பது சுலபம். குறடை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். முனை முழுதாகச் சேராமல் கோணலாக இடைவெளி தெரிந்தால் வைத்துவிடுங்கள். கத்தியைத் திறந்து முதுகைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். லேசாக அசைந்தாலே பரவாயில்லை என்று விடக்கூடாது. லாக் செய்த பின் முதுகைக் கல்லா மேசை மேல் மெதுவாகத் தட்டிப் பாருங்கள், விரல் பாதையில் இல்லாமல். மடங்கினால் அது கத்தியல்ல, விபத்து. ஒரு தகட்டை எடுக்கும்போது பக்கத்துத் தகடுகளும் கூடவே எழுந்து வருவதும் போலியின் அடையாளம்.

லெதர்மேனுக்கு 25 வருட உத்தரவாதம், விக்டோரினாக்ஸின் கத்திகளுக்குப் பொருள், தயாரிப்புக் குறைகளுக்கு ஆயுள் உத்தரவாதம். இரண்டுக்கும் பில்லோடு முறையான விற்பனையாளரிடம் வாங்கியிருப்பது நல்லது. கடைகளில் தரும் வழவழப்புத் தாள் பில்லின் எழுத்து சில மாதத்தில் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே போனில் படம் பிடித்து வையுங்கள்.