செல்போன் எண்ணாத மேடு: சர்க்கரை நோய் கேள்வி – பதில்

கேள்வி: என் கணவருக்கு 58 வயது. ஆறு வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறார். மகள் பணம் கட்டி ஆன்லைன் உடற்பயிற்சித் திட்டம் ஒன்றில் சேர்த்துவிட்டாள். தினம் 10,000 அடி நடக்கச் சொன்னது. மூன்று வாரம் நடந்தார். இப்போது முட்டி வலி என்று செயலியைத் திறப்பதே இல்லை. வேறு திட்டத்தில் சேர்க்கலாமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: முதலில் அந்த 10,000-ஐ விடுங்கள். 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவிக்குப் ‘பத்தாயிரம் அடி’ என்று பெயர் வைத்தார்கள். அந்த எண்தான் கோத்தகிரி வரை ஏறி வந்திருக்கிறது. மருத்துவக் கணக்கு வேறு: மூச்சு வாங்கினாலும் பேச முடிகிற வேகத்தில் வாரம் 150 நிமிடம். சேர்ந்தாற்போல் இரண்டு நாளுக்கு மேல் சும்மா இருக்கக் கூடாது.

ஒரு வாரம் வழக்கத்தை மாற்றாமல் வெறுமனே எண்ணட்டும். நாளுக்குச் சராசரி 3,200 அடி வந்தால், அடுத்த வார இலக்கு 3,700. அதற்கு மேல் வேண்டாம். மேட்டில் 100 அடியும் இறக்கத்தில் 100 அடியும் செல்போனுக்கு ஒன்றுதான்; தொடைக்கும் முட்டிக்கும் அப்படியில்லை. இறக்கத்தில் தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. அதனால்தான் வலி மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் வருகிறது, ஆளும் நின்றுவிடுகிறார். இறக்கமே கூடாது என்பதில்லை. ஆஸ்திரியாவின் ஆல்ப்ஸ் மலையில் கேபிள் காரில் ஏறி நடந்தே இறங்கியவர்களுக்கும், உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் கூடியது. ஆனால் மெதுவாக, சின்ன எட்டாக, முதல் இரண்டு வாரம் 10 நிமிடத்துக்குள் இறங்கட்டும். வீக்கம் இருந்தால் முட்டியைக் காட்டிவிட்டுத்தான் நடை.

புதிய திட்டத்தில் சேருமுன் மூன்று விஷயம் கேளுங்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று விசாரிக்கிறார்களா? இலக்கை அவருடைய எண்ணிக்கையிலிருந்து போடுகிறார்களா? அவர் பதியும் எண்ணைப் படித்து, வாரம் ஒருமுறையாவது ஒரு மனிதர் பதில் சொல்வாரா? மணி அடித்து நினைவூட்டுவது மட்டும்தான் என்றால் காசு வீண். நல்ல திட்டங்களிலும் முதல் சில மாத உற்சாகம் பிறகு வடிவது வழக்கம். அப்போது இழுத்துப் பிடிப்பது அந்த மனிதர்தான். உங்கள் மகளே ஞாயிறுதோறும் எண்ணைக் கேட்டாலும் பாதி வேலை முடிந்தது. நேரலை வகுப்பு மலையில் சிக்னல் போய் நின்றுவிடும். பதிவிறக்கி வைக்கும் வீடியோ உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். அடி எண்ண சிக்னல் தேவையில்லை, செல்போன் சட்டைப்பையில் இருந்தால் போதும்.

இன்னொன்று: விடியுமுன் அனுப்பாதீர்கள். காட்டுமாடும் கரடியும் நடமாடும் நேரம் அது. சாப்பாட்டுக்குப் பின் 15 நிமிட நடை சர்க்கரைக்கு இன்னும் நல்லது.

கேள்வி: கிளிமிபிரைடு மாத்திரை போட்டுக்கொண்டு, காலையில் வெறும் வயிற்றில் ஏரியைச் சுற்றுகிறேன். பாதி வழியில் குளிரிலும் வியர்க்கிறது, கை நடுங்குகிறது.
– வாசகர், கொடைக்கானல்

பதில்: மாத்திரை இன்சுலினைச் சுரக்க வைக்கிறது, நடை சர்க்கரையைச் செலவழிக்கிறது, வயிற்றிலோ ஒன்றுமில்லை. சுமார் 5 கிலோமீட்டர் சுற்றுக்கு இது ஆபத்து. காலை உணவுக்குப் பின் நடங்கள். கிளம்புமுன் குளுக்கோமீட்டரில் (வீட்டில் ரத்தச் சர்க்கரை பார்க்கும் கருவி) சர்க்கரை 90-க்குக் கீழே காட்டினால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். 250-ஐத் தாண்டி உடம்பும் சரியில்லை என்றால் அன்று வேண்டாம்.

நடுக்கம் வந்தால் உடனே உட்கார்ந்து சர்க்கரையைப் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் குவியலாக 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. மீட்டர் கையில் இல்லையென்றால் காத்திருக்காமல் குடித்துவிடுங்கள். உங்கள் ஊர் சாக்லேட் இதற்கு ஆகாது. அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். குளுக்கோமீட்டரை உள்சட்டைப் பையில் வையுங்கள். பல கருவிகள் கடுங்குளிரில் பிழை காட்டும். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம், வியர்வைதான் அடையாளம். மாத்திரை அளவை நீங்களாகக் குறைக்காதீர்கள். நடந்த நேரத்தையும் எண்களையும் எழுதிக் கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பாதத்தில் மரத்துப்போன உணர்வு. மழை நாளில் வீட்டுக்குள் என்ன செய்யலாம்?
– வாசகி, குன்னூர்

பதில்: கை வைக்காமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது 10 முறை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது 10 முறை, இரண்டு சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். மூச்சை அடக்காதீர்கள். விழித்திரையில் பாதிப்பு இருந்தால் கண் மருத்துவரைக் கேட்காமல் எடை தூக்க வேண்டாம். வீட்டுக்குள்ளும் செருப்பு அணியுங்கள். ஈர சாக்ஸை உடனே மாற்றி, இரவில் முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். கொப்புளம் இருந்தால் அது ஆறும்வரை நாற்காலிப் பயிற்சியை விட்டுவிட்டு, உட்கார்ந்தபடி கைப்பயிற்சி மட்டும்.