தேன் நிறத்துக்கு மாறிய ஒயின் கெட்டுவிட்டதா?

கேள்வி: லியோனில் வேலை பார்க்கும் அண்ணன் 2005ஆம் ஆண்டின் ‘ஷாத்தோ துவாசி-தாயேன்’ இனிப்பு ஒயின் அரை பாட்டிலை எனக்குப் பரிசாகக் கொடுத்திருக்கிறார். தேன் நிறத்தில் இருக்கிறது. அடியில் கண்ணாடித் தூள்போல ஏதோ மின்னுகிறது. கெட்டுவிட்டதா? இதற்கு ஏன் இவ்வளவு விலை?

பதில்: தயவுசெய்து கொட்டிவிடாதீர்கள். பிரான்சின் பொர்தோ நகருக்குத் தெற்கே பர்சாக், சோதெர்ன் ஊர்களில் செய்யப்படும் இந்த வெள்ளை ஒயினுக்கு வயது ஏற ஏற நிறமும் ஏறும். மின்னுவது திராட்சையின் டார்டாரிக் அமிலம் உப்பாகப் படிந்தது, தீங்கு செய்யாது. அசைக்காமல் ஊற்றி, கடைசி மடக்கை மட்டும் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள்.

விலைக்குக் காரணம் அறுவடை. சிரோன் என்ற சிற்றாற்றின் குளிர்ந்த நீர் கரோன் ஆற்றில் கலப்பதால், இலையுதிர்கால விடியற்காலைகளில் தோட்டங்களை மூடுபனி சூழ்கிறது. அந்த ஈரத்தில் போட்ரைடிஸ் என்ற பூஞ்சை திராட்சையில் பிடிக்கிறது. பிற்பகல் வெயில் அதை வெறும் அழுகலாக மாறவிடாமல் காக்கிறது. பூஞ்சை துளைத்த தோல் வழியே நீர் ஆவியாக, உள்ளே சர்க்கரையும் புளிப்பும் அடர்கின்றன. பழமோ பழுப்பேறிச் சுருங்கி, மேலே சாம்பல் பூத்து, பார்க்கவே சகிக்காது. ஒரே குலையில் நான்கு பழம் தயாராக இருக்கும், மற்றவை பச்சையாகவே நிற்கும். அதனால் பறிப்பவர்கள் வாரக்கணக்கில் அதே வரிசைக்குத் திரும்பத் திரும்ப வந்து, பக்குவமானதை மட்டும் கொய்கிறார்கள். ஹெக்டேருக்கு 2,500 லிட்டருக்கு மேல் சட்டமே அனுமதிப்பதில்லை. பருவம் கெட்டால் உழைப்பெல்லாம் வீண்: சோதெர்னின் புகழ்பெற்ற இக்கெம் தோட்டம் 2012இல் தன் இனிப்பு ஒயினை வெளியிடவே இல்லை.

உங்கள் பாட்டில் வந்த தோட்டத்தை 1924இல் ஜார்ஜ் துபுர்தியூ வாங்கினார். பேரன் தெனி, பொர்தோ பல்கலைக்கழகப் பேராசிரியர். வெள்ளை ஒயினின் நறுமணத்தை ஆராய்ந்தவர். 2016இல் அவர் மறைந்த பிறகு மகன்கள் பொறுப்பேற்றார்கள். இத்தகைய நிச்சயமற்ற விளைச்சலைத் தலைமுறைகளாகக் கைவிடாத குடும்பங்கள் மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு.

நிறத்தை விட்டுவிட்டு வேறு இரண்டைக் கவனியுங்கள். தக்கை வழியே ஒயின் கசிந்திருக்கிறதா? திறந்ததும் வினிகரோ நனைந்த அட்டையோ போல மணக்கிறதா? அப்படியானால்தான் சந்தேகம். ஆப்ரிகாட், தேன், ஆரஞ்சுத் தோல் வாசனை வந்தால் ஒயின் நன்றாகவே இருக்கிறது.

சுமார் 10 டிகிரிக்குக் குளிரவைத்துச் சிறு கோப்பைகளில் ஊற்றுங்கள். ஐந்து பேருக்குத் தாராளம். ஒயினைவிட இனிப்பான பண்டத்தோடு பரிமாற வேண்டாம், ஒயின் புளித்துப் போனதுபோலத் தோன்றும். ஆப்பிள் டார்ட் பொருந்தும். என் தேர்வு ரோக்ஃபோர் பாலாடைக்கட்டி, அதன் உப்பு இந்த இனிப்பைத் தூக்கிக் கொடுக்கும். மீந்தால் தக்கையால் மூடி, குளிர்பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள். ஒரு வாரம் தாங்கும்.