ஒரே ஸ்டீல்தான், ஆனா ஷாஃப்ட் ஏன் ஒரே எடத்துலயே உடையுது? டயாவ (விட்டத்த) கூட்டினா சரியாயிடுமா?

உங்களுக்கும் ஸ்டெப் மூலையிலதான், அதாவது ஷாஃப்ட் பெரிய டயாவுலேருந்து சின்ன டயாவுக்கு எறங்கற மூலையிலதான், உடையுதுன்னு நினைக்கறேன், டயாவ கூட்டுன்னு யாராவது சொல்லியிருப்பாங்க. அவசரப்படாதீங்க. 22 வருஷமா லேத் ஓட்றேன், இதுல நல்லா பட்டிருக்கேன்.

ஒரு கல் கிரஷர் கன்வேயர் ஷாஃப்ட், நடுவுல 50 மில்லி, பேரிங் உக்கார்ற எடம் 40. மூணே மாசத்துல மூலையில ரெண்டா போச்சு. மெட்டீரியல் மட்டம்னு என் மேல பழி. ஈஎன்8 ஸ்டீலுக்கு பதிலா அதவிட பலமான ஈஎன்24 ஸ்டீல் போட்டேன், அதுவும் போச்சு. அப்புறம் நடுவ 60 ஆக்குன்னாங்க, பேரிங் எடம் அதே 40தான், அப்ப ஸ்டெப் பெருசாகி மூலையில ஸ்ட்ரெஸ் கூடத்தானே செய்யும், சொன்னேன், கேக்கல, அதுவும் உடைஞ்சுது.

உடைஞ்ச முகத்த கழுவிப் பாத்தேன். மூலையில ஆரம்பிச்சு கிளிஞ்சல் மாதிரி வரி வரியா வழவழன்னு போயி, கடைசில ஓரமா சின்னதா ஒரு எடம்தான் சொரசொரன்னு இருந்துது. அது சின்னதா இருந்தா ஓவர்லோடு இல்ல, ஃபேட்டிக், அதாவது திரும்பத் திரும்ப வளைஞ்சு கொஞ்சம் கொஞ்சமா விரிசல் விட்டு உடையறது. நிமிஷத்துக்கு 60 சுத்துன்னாலே 10 மணி நேரத்துல 36,000 தடவ வளைஞ்சு நிமிருது. ஷாஃப்ட் மேல டூல் கீறல் நீளவாக்குல இருந்தா வளையறப்ப பெருசா ஒண்ணும் ஆகாது, குறுக்கால இருந்தாதான் வினை, அதுலயும் ராட சுத்தி முழுசா ஓடற கூர் மூலை ரொம்ப மோசம். அந்த மூலைய வெட்டினது என் டூல்தான், ஒத்துக்கறேன்.

பழையபடி 50க்கே வந்து, மூலைய கூரா விடாம 3 மில்லி ரேடியஸ்ல வளைவு குடுத்தேன். பேரிங்கோட உள் மூலை வளைவு 1 மில்லிக்குப் பக்கம்தான், ஷோல்டர்ல (ஸ்டெப்போட செங்குத்து முகத்துல) ஒட்டி உக்காராது, அதனால ரெண்டுக்கும் நடுவுல, உள் மூலைய சாய்வா வெட்டி சேம்பர் அடிச்ச ரிங் ஒண்ணு போட்டேன். நாலு வருஷமா ஓடுது.

லேப்ல நாட்ச் (சுத்தி பள்ளம்) போட்ட மைல்ட் ஸ்டீல் ராட இழுத்தா, மிச்ச ஏரியாவுக்கு ஸ்ட்ரெங்த் கூடத்தானே வருதுன்னு கமெண்ட்ல வருவீங்க. உண்மைதான், ஆனா அது ஒரே தடவ இழுக்கறது, லட்சம் தடவ வளையறது வேற.

இது புதுசும் இல்ல. 1842ல பிரான்ஸ்ல வெர்சாய் பக்கம் ரயில் எஞ்சின் ஆக்ஸில் உடைஞ்சு அம்பது பேருக்கு மேல செத்தாங்க, அடுத்த வருஷமே ராங்கின்ங்கற இன்ஜினியர் ஆக்ஸில் மூலைய வளைவா செய்யணும்னு எழுதிட்டாரு. இன்னிக்கும் எனக்கு வர்ற டிராயிங்குல பாதியில ரேடியஸே போட்டிருக்காது, நாமளா கேட்டா "உனக்கு எதுக்கு, போட்டத வெட்டு"ங்கறாங்க, உடைஞ்சா மட்டும் பில்ல நிறுத்திடறாங்க. அந்த மூணு ஷாஃப்டுக்கும் எனக்கு இன்னும் காசு வரல.